வெள்ளம் வந்தால் எக்ஸ்ரே அறைக்கு என்ன நடக்கும்?

மாரி தொடங்கி வாவி பெருகும் காலங்களில் பாடசாலைக் கட்டடங்களிலும் இடைத்தங்கல் முகாம்களிலும் இருக்கும் குடும்பங்களைச் சந்திக்கப் போனால், எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. "ஆஸ்பத்திரிக்குள்ள வெள்ளம் பூந்தா எக்ஸ்ரே மிசினுக்குள்ள இருக்கிற கதிர் தண்ணியில கலந்து வாவிக்கு வராதா? பிறகு அந்த மீனைச் சாப்பிடலாமா?"

இக்கேள்வியை நாம் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. வாவியை நம்பிச் சீவிப்பவர்களும், வயலுக்கு அதே தண்ணீரைப் பார்த்திருப்பவர்களும் கேட்க வேண்டிய கேள்விதான் அது. சுருக்கமான பதில்: சாதாரண எக்ஸ்ரே இயந்திரத்தால் தண்ணீருக்கு அப்படி ஒன்றும் நேராது. ஆனால் பெரிய வைத்தியசாலைகளில் உள்ள வேறு சில கருவிகளுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவற்றை வேறுபடுத்தி அறிந்திருப்பது நல்லது. இன்னொன்றும் உண்டு. எக்ஸ்ரே அறைக்குள் வெள்ளம் புகுந்தால் எமது மக்களுக்கு வரும் பெரிய கேடு கதிரால் வருவதல்ல. கை கால் முறிந்தவர்களும் இடிந்த சுவருக்குள் அகப்பட்டவர்களும் கூட்டமாக வந்து சேரும் அதே நாளில் அந்த அறை பூட்டிக்கிடப்பதுதான் பெரிய கேடு. இக்கட்டுரையில் இவ்விரண்டையும் பற்றிப் பேச விரும்புகிறோம்.

மட்டக்களப்புக்கு அனர்த்தம் புதிதல்ல. 1957 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளையும் தென்னைகளையும் ஒரே இரவில் சாய்த்தது. நாட்டில் 900க்கும் அதிகமானோர் இறந்தனர். 2004 டிசம்பர் 26 கடல்கோள் நாவலடி, கல்லடி, டச்பார் பக்கத்துக் குடும்பங்களை எப்படி வாரிக்கொண்டு போனது என்பதை இங்கு எழுதத் தேவையில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் அறுவடைக்குக் காத்திருந்த பெரும்போக வேளாண்மை தண்ணீருக்குள் போனது. இவற்றுக்கிடையே யுத்தம். 1990 இலும், பின்பு 2006, 2007 ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டன. இத்தனைக்கும் நடுவில் வைத்தியசாலைகள் இயங்கத்தான் வேண்டியிருந்தது.

டோர்ச் வெளிச்சமும் அடுப்புத் தணலும்

1895 நவம்பரில் ஜேர்மனிய விஞ்ஞானி றொன்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அடிப்படை வேலைமுறை இன்றும் அதுவே. காற்று அகற்றப்பட்ட ஒரு குழாய்க்குள் மிக உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. அதனால் பாயும் இலத்திரன்கள் ஓர் உலோகத் தகட்டில் மோதும்போது கதிர் பிறக்கிறது. மின்சாரம் நின்றால் கதிரும் அந்தக் கணமே நின்றுவிடும். டோர்ச் லைட்டை அணைத்த பின் அதற்குள்ளே வெளிச்சம் தேங்கி நிற்பதில்லை அல்லவா? எக்ஸ்ரே இயந்திரமும் அப்படியே. சுவரிலோ கட்டிலிலோ படம் எடுத்தவரின் உடம்பிலோ எடுத்த படத்திலோ கதிர் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சீ.ரீ. ஸ்கான் இயந்திரமும் இதே வகைதான். வெள்ளத்தில் மூழ்கிய எக்ஸ்ரே இயந்திரம் விலை கூடிய பழுதடைந்த இரும்பு, அவ்வளவே. வாவி மீனைச் சாப்பிடலாம்.

படம் எடுக்கும்போது உடம்பில் படும் கதிர் எவ்வளவு என்றும் பலர் கேட்பதுண்டு. மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் எல்லோர் மீதும் நாளாந்தம் இயற்கையாகவே கொஞ்சம் கதிர் படுகிறது. நெஞ்சுப் படம் ஒன்றில் கிடைப்பது, இப்படிச் சில நாட்களில் கிடைக்கும் அளவுதான். சீ.ரீ. ஸ்கானில் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு அதிகம், சில வருடங்களின் அளவுக்குச் சமம். ஆகவே வைத்தியர் 'ஸ்கான் தேவையில்லை' என்று சொன்னால் அதைப் புறக்கணிப்பு என்று எண்ண வேண்டாம். கர்ப்பமாக இருக்கும் பெண்கள், அல்லது அப்படி இருக்கலாம் என்று எண்ணுபவர்கள், படம் எடுக்கும் முன்னரே வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். முகாமில் வாழும்போது கிளினிக் கொப்பி தொலைந்துபோயிருக்கலாம். நீங்கள் சொல்லாவிட்டால் அங்கிருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

அப்படியானால் மூழ்கிய எக்ஸ்ரே அறையில் ஆபத்தே இல்லையா? உண்டு, ஆனால் அது கதிரால் அல்ல. முதலாவது மின்சாரம். சேறு படிந்த இயந்திரத்தை மின்சாரம் வந்துவிட்டது என்று போட்டுப் பார்ப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். மின்னைத் துண்டித்த பின்பும் சில பாகங்களில் மின்னேற்றம் தேங்கி நிற்கும். அதற்கென்று பயிற்சி பெற்ற பொறியியலாளர் பார்த்து, மின்கசிவும் கதிர்க்கசிவும் இல்லையென உறுதி செய்யும்வரை அதைத் தொடக்கூடாது. இரண்டாவது, பழைய முறையில் படம் கழுவும் இடங்களில் இருந்த இரசாயனத் திரவங்கள். மூன்றாவது, மிகப் பழைய இயந்திரங்களில் உள்ள எண்ணெய். சில பழைய மின்னெண்ணெய்களில் உடம்புக்குக் கெடுதியான இரசாயனம் உண்டு. அதை விளக்குக்கோ வண்டி அச்சுக்கோ எடுத்துச் செல்லக்கூடாது.

நான்காவதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எமது வாவிக்கரை வாழ்க்கையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. எக்ஸ்ரே அறையின் கதவிலும் சுவரிலும், அங்கு வேலை செய்பவர்கள் உடுக்கும் கனத்த மேலங்கியிலும் ஈயம் இருக்கிறது. கதிர் வெளியே செல்லாமல் தடுப்பதற்காக வைக்கப்பட்ட அந்த ஈயம் கதிர்ப்பட்டு நஞ்சாகிவிடுவதில்லை. ஆனால் ஈயம் தானாகவே நஞ்சு. கைவிடப்பட்ட அல்லது இடிந்த கட்டடத்திலிருந்து ஈயத்தகடு எடுத்து வந்து, வலைக்குக் குண்டு வார்ப்பதற்காகக் குசினி அடுப்பில் உருக்கினால் அந்தப் புகை பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளின் மூளையையும் இரத்தத்தையும் பாதிக்கும். எங்கிருந்து வந்த ஈயமானாலும் வீட்டுக்குள் உருக்குவதை நிறுத்த வேண்டும். எக்ஸ்ரே அறை ஈயத்தை எடுக்கவே வேண்டாம்.

இனித் தணல் வகைக்கு வருவோம். இரவில் சாம்பலால் மூடி வைத்த தணல் விடியும்வரை உள்ளே கனன்றுகொண்டிருப்பதை எங்கள் பெண்கள் நன்றாக அறிவார்கள். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் சில இயந்திரங்களுக்குள் கோபால்ட் 60 போன்ற கதிர்ப்பொருள் ஈயமும் உருக்கும் கொண்ட தடித்த உறைக்குள் அடைக்கப்பட்டிருக்கும். அதற்கு மின்சாரம் தேவையில்லை. மின்சாரம் நின்றாலும் கட்டடம் இடிந்தாலும் வைத்தியர்கள் வெளியேறிவிட்டாலும் அது கதிரை வீசிக்கொண்டே இருக்கும். கோபால்ட் 60 இன் வலு அரைவாசியாகக் குறைய 5 வருடத்துக்கு மேல் செல்லும். சீசியம் 137 என்றால் 30 வருடம். உறை உடையாதவரை பயமில்லை. உறையை உடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிறேசில் நாட்டின் கோயானியா நகரம் சாட்சி.

அந்நகரில் ஒரு தனியார் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் இடம் மாறிப்போனபோது சீசியம் இயந்திரம் ஒன்று பழைய கட்டடத்திலேயே விடப்பட்டது. 1987 செப்டெம்பரில் பழைய இரும்பு தேடிய இருவர் அதன் உட்பகுதியைக் கழற்றி எடுத்துச் சென்றனர். பிறகு அது ஒரு பழைய இரும்புக் கடைக்கு விற்கப்பட்டது. உள்ளே இருந்த தூள் இருளில் நீல நிறமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதென்று உறவினருக்கும் அயலவருக்கும் கொஞ்சங் கொஞ்சமாகப் பங்கு கொடுத்தார்கள். சிலர் உடம்பில் பூசினார்கள். வாந்தியும் புண்ணும் கண்டபோது உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே எண்ணினார்கள். இரண்டு வாரத்தின் பின், எல்லோருக்கும் நோய் வந்தது இந்தப் பொருள் வந்த பிறகுதான் என்று சந்தேகித்தவர் கடைக்காரரின் மனைவி. அவரே அதைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோய்ச் சுகாதார அலுவலகத்தில் கொடுத்தார். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட 4 பேர் இறந்தனர். அந்தப் பெண்மணியும் இறந்தவர்களில் ஒருவர். 249 பேர் மீது கதிர்த்தூள் பட்டிருந்தது. ஓர் இலட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பரிசோதிக்க வேண்டி வந்தது. இந்தியாவிலும் 2010 ஏப்ரலில், டில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில், ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய ஆய்வுக் கருவிக்குள் இருந்த கோபால்ட்டால் ஒருவர் உயிரிழந்தார்.

இடம்பெயர்ந்து திரும்பும் எம்மவர்களுக்கு இக்கதை தூரத்துக் கதையல்ல. திரும்பிவரும் ஊரில் கைவிடப்பட்ட கட்டடங்கள் இருக்கும். பழைய இரும்பு வாங்குபவர்கள் லொறியோடு வருவார்கள். கையில் காசு இருக்காது. மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் கொண்ட விசிறி போன்ற அடையாளம், அல்லது 2007 இல் உலகளவில் அறிமுகமான, மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள சிவப்பு முக்கோண அடையாளம் இருக்கும் எதையும் தொடாமல் விலகிப் போக வேண்டும். அளவில் சிறிதாக இருந்தும் தூக்க முடியாத கனமான உலோக உருளை என்றால், அடையாளம் அழிந்திருந்தாலும் அப்படியே செய்ய வேண்டும். பிள்ளைகளையும் விலக்கிக்கொண்டு கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். வெடிபொருளைக் கண்டால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எமது மக்கள் பட்டுப் படித்திருக்கிறார்கள். அதே பழக்கம் இதற்கும் போதும். நாட்டில் இப்பொருட்களைக் கண்காணிக்கும் பொறுப்பு, 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தும் பேரவையிடம் உள்ளது. எந்த வைத்தியசாலையில் எந்தக் கதிர்ப்பொருள் இருக்கிறது என்ற கணக்கு அங்கே இருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் மூன்றாவது வகை. அதில் கதிரே இல்லை. ஆனால் மிக வலுவான காந்தம் இருக்கிறது. கரண்ட் போனாலும் காந்தம் அணையாது. வெள்ளத்திலோ தீயிலோ உதவ ஓடிவரும் இளைஞர்கள் அலவாங்கு, மண்வெட்டி, ஒட்சிசன் சிலிண்டர் என்று இரும்போடு அந்த அறைக்குள் நுழைந்தால் அது அவர்கள் கையிலிருந்து பறந்து காந்தத்தோடு அடிக்கும். 2018 ஜனவரியில் மும்பாயில் ஒரு வைத்தியசாலையில் ஒட்சிசன் சிலிண்டரோடு உள்ளே போன ஒருவர் இப்படித்தான் இறந்தார். அது அனர்த்த நாளே அல்ல, சாதாரண நாள்.

அடிபட்டவர்கள் ஒன்றாக வரும்போது

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. 30 பேரளவில் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் சிறுவர்கள். காயப்பட்டவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இப்படியான ஒரு மணித்தியாலத்தில் எந்த வைத்தியசாலையிலும் எல்லாக் கால்களும் நோக்கி ஓடுகின்ற ஒரு வாசல் எக்ஸ்ரே அறையின் வாசல். துகள் எங்கே புதைந்திருக்கிறது, நெஞ்சுக்குள் காற்று நிரம்பியிருக்கிறதா, எந்த எலும்பு முறிந்தது என்று பார்க்காமல் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோவது கடினம்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஒருவருக்கு 5 நிமிடம் என்று வைத்தாலும் 60 பேருக்கு ஒரே இயந்திரத்தில் படம் எடுக்க 5 மணித்தியாலம் செல்லும். உள்ளே இரத்தம் கசியும் ஒருவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. ஆகவே நல்ல திட்டம் உள்ள வைத்தியசாலையில் எல்லோருக்கும் படம் எடுக்க மாட்டார்கள். வாசலிலேயே ஒருவர் நின்று, உடனே பார்க்க வேண்டியவர், சற்றுப் பொறுக்கக்கூடியவர், நடந்து திரியக்கூடியவர் என்று சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டை கட்டுவார். வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் ஸ்கானால் கட்டிலருகிலேயே ஓரிரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதற்குக் கதிரும் வேண்டாம், பெரிய மின்சாரமும் வேண்டாம். சில்லுப் பூட்டிய எக்ஸ்ரே இயந்திரம் ஒன்றைக் கட்டில் கட்டிலாகத் தள்ளிக்கொண்டு போய் நெஞ்சுப் படம் எடுக்கலாம். நிலையான அறையும் சீ.ரீ. ஸ்கானும் தலையில் அடிபட்டவர் போன்ற, வேறு வழியில்லாதவர்களுக்கு ஒதுக்கப்படும். முழங்கால் முறிந்தவர் மட்டை கட்டியபடி மாலைவரை காத்திருக்கலாம். நாளைவரைகூடக் காத்திருக்கலாம்.

இதை விளங்காமல்தான் பல சச்சரவுகள் எழுகின்றன. "எங்கட ஆள் காலையில வந்தவர், பிறகு வந்தவரை முதல்ல எடுத்திட்டாங்க" என்று முறையிடுவதைப் பல இடங்களில் கேட்டிருக்கிறோம். நிவாரண வரிசையில் அப்படிச் செய்தால் அது அநியாயம். எக்ஸ்ரே வரிசையில் அதுதான் நியாயம். ஆனால் அதை வாசலில் நிற்பவர்களுக்கு எங்கள் மொழியில், மனித முகத்தோடு சொல்வதற்கு ஒருவரை நிறுத்துவதும் வைத்தியசாலைத் திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். கத்திக் கலைப்பது திட்டமல்ல.

உறவினர்களாகிய நாமும் செய்யக்கூடியது உண்டு. ஒரு நோயாளருக்கு ஒருவர் மட்டும் கூட நிற்க, மற்றவர்கள் வழியைவிட்டு விலகி நின்றால் தள்ளுகட்டில் போக இடம் கிடைக்கும். பேச முடியாதவரின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் வருவது எங்கள் ஊர்களில் சாதாரணம். பெயர் மாறினால் படம் மாறும், படம் மாறினால் வெட்டும் இடமும் மாறும். அதனால்தான் கூட்டமான நாட்களில் பெயரைவிட இலக்கத்தையே கையில் கட்டுகிறார்கள். அந்த அட்டையைக் கழற்ற வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு உயரம் வரும்?

எக்ஸ்ரே, சீ.ரீ., எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் கனமானவை. அதனால் உலகெங்கும் அவற்றைக் கீழ்த்தளத்தில் அல்லது நிலத்தடித் தளத்தில் வைப்பதே வழக்கம். தண்ணீரும் முதலில் அங்கேதான் வரும். 2012 ஒக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது நியூயோர்க்கில் ஒரு பெரிய பல்கலைக்கழக வைத்தியசாலையின் நிலத்தடித் தளத்தில் கடல்நீர் புகுந்து எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் அழிந்தன. 300க்கு மேற்பட்ட நோயாளர்களை இருட்டில் படி வழியே தூக்கி இறக்கினார்கள். பணக்கார நாடு என்பதால் தண்ணீர் விலகிப் போகவில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு பெருகியபோது ஆற்றோரத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மின்பிறப்பாக்கிகளுக்குள் வெள்ளம் புகுந்து மின்சாரம் அற்றுப்போனது. எங்கள் நாட்டிலேயே 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது சிலாபம் வைத்தியசாலைக்குள் வெள்ளம் புகுந்து நோயாளர்களை வேறிடங்களுக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது.

ஆகவே முதற் கேள்வி எந்த இயந்திரம் வாங்குவது என்பதல்ல, அதை எந்த உயரத்தில் வைப்பது என்பதே. இதில் விவசாயிகளின் அறிவு வைத்தியசாலைக்குப் பயன்படும் என்று உறுதியாக நம்புகிறோம். உன்னிச்சைக் குளம் வான்பாய்ந்தால் தண்ணீர் எத்தனை மணித்தியாலத்தில் எந்த வட்டைக்கு வரும், முகத்துவாரம் வெட்டுவதற்கு முன் வாவி எதுவரை ஏறும் என்பதெல்லாம் புத்தகத்தைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2011 இல் தண்ணீர் நின்ற உயரத்தை உங்கள் ஊர் வைத்தியசாலைச் சுவரில் யாராவது கோடு போட்டு வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் நினைவிருப்பவர்கள் இருக்கும்போதே போட்டு வைக்கலாம். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் ஊர்மக்களும் இருக்கிறார்கள். மதில் கட்டுவதையும் பெயின்ற் அடிப்பதையும் பேசுவதோடு, மின்பிறப்பாக்கி அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, எத்தனை நாளுக்கு டீசல் இருக்கிறது, அது எக்ஸ்ரே அறைக்கும் மின்சாரம் கொடுக்குமா அல்லது விடுதி விளக்குகளுக்கு மட்டுமா என்றும் கேட்கலாம். எக்ஸ்ரே படம் எடுக்கும் கணத்தில் இயந்திரம் மிகப் பெரிய மின்சாரத்தை இழுக்கும். சிறிய மின்பிறப்பாக்கி அதைத் தாங்காது. இதை முன்கூட்டியே போட்டுப் பார்க்காவிட்டால் அனர்த்த நாளன்றுதான் தெரியவரும்.

தண்ணீர் ஏறும் முன் பிரதான மின்னிணைப்பை நிறுத்துபவர் யார், அறைத் திறப்பு யாரிடம் இருக்கிறது, அவர் வாவியின் எந்தக் கரையில் குடியிருக்கிறார் என்பனவும் எழுதி வைக்க வேண்டியவை. கணினி, மேலங்கி, பதிவுப் புத்தகம், கையால் தூக்கக்கூடிய ஸ்கான் கருவி என்பவற்றை மேல்தளத்துக்கு ஏற்றலாம். ஏற்ற முடியாததைப் பொலித்தீனால் மூடிக் கட்டலாம். 1978 போல் கூரை பறந்தால் தண்ணீர் மேலிருந்தும் வரும். படங்கள் இப்போது பெரும்பாலும் கணினியில் இருப்பதால், அவற்றின் பிரதி வேறொரு ஊரில் உள்ள கணினியிலும் இருக்க வேண்டும். இவ்வளவையும் அழகாக அச்சிட்டு அலுமாரியில் வைத்தால் பயனில்லை. வருடத்துக்கு ஒரு தடவையாவது, மழைக்கு முன், ஒத்திகை பார்க்க வேண்டும்.

வாவிக்கு இந்தக் கரையில்

படுவான்கரை மக்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. வைத்தியசாலை ஆயத்தமாக இருந்தாலும் அங்கே போய்ச் சேர வேண்டுமே. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்களுக்கு நிலைமை மாறியது. ஆனால் பெருவெள்ளத்தில் பாலத்துக்கு வரும் வீதியே தண்ணீருக்குள் போனால் பாலம் இருந்தும் பயனில்லை. மண்டூர், குருமன்வெளிப் பக்கத்தில் பாதை ஓடாத நாட்களை நீங்கள் அறிவீர்கள். ஆகவே ஊர்க் குழுக்கள் மழைக்கு முன்னரே இரண்டு விடயங்களை விசாரித்து வைக்க வேண்டும். வெள்ளத்தால் துண்டிக்கப்பட்டால் உங்கள் பக்கக் கரையில் எக்ஸ்ரே எடுக்கக்கூடிய வைத்தியசாலை எது? அங்கே படம் எடுப்பவர் அந்த நாட்களில் தங்கியிருப்பாரா? அம்புலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கங்களைப் பிள்ளைகளுக்கும் பாடமாக்கிக் கொடுங்கள்.

எலும்பு முறிந்தவரைத் தோணியில் ஏற்றுமுன் முறிந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளும் அசையாதபடி பலகை அல்லது பனைமட்டை வைத்து, துணியால் சுற்றிக் கட்டுங்கள். கட்டிய பின் விரல் நுனி நீலமாகவோ குளிராகவோ போனால் சற்றுத் தளர்த்துங்கள். முறிவு வைத்தியரிடம் போவது எமது பகுதியில் நெடுங்காலப் பழக்கம். அவர்களில் கைதேர்ந்தவர்கள் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், அல்லது கை கால் விறைத்திருந்தால், அல்லது கழுத்து, முதுகு, தலையில் அடிபட்டிருந்தால் எண்ணெய்க் கட்டுக்குப் போகாமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். படம் எடுத்துப் பார்க்காமல் அவற்றைத் தொடக்கூடாது.

கடைசியாக, உங்கள் கையில் உள்ள படங்கள். பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்களில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பாதுகாக்கப் பழகியிருக்கிறோம். எக்ஸ்ரே படத்தை மட்டும் கூரைத் தகட்டுக்கு இடையில் செருகி வைப்பார்கள். கிரகணத்தன்று பிள்ளைகள் அதை எடுத்துச் சூரியனைப் பார்ப்பதும் உண்டு. அது கண்ணைக் காக்காது, கெடுத்துவிடும். காசநோய்க்கு மருந்து எடுப்பவருக்கு முந்திய நெஞ்சுப் படம் மிக முக்கியம். இப்போது காண்பது புதிய நோயா பழைய தழும்பா என்று வைத்தியர் சொல்ல அதுவே துணை. நெருக்கமான முகாம்களில் இந்நோய் எளிதில் பரவும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். எலும்புக்குக் கம்பி வைத்தவர்கள், இருதய நோயாளர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோரும் படத்தையும் அறிக்கையையும் கிளினிக் கொப்பியையும் ஒன்றாக வைத்திருக்க வேண்டும். படத்தை மடிக்காமல், ஈரமில்லாமல் துடைத்து, இரண்டு படங்களுக்கிடையில் வெள்ளைத் தாள் வைத்து, தடித்த பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, வெளியூரில் உள்ள பிள்ளைக்கோ சகோதரத்துக்கோ அனுப்பி வையுங்கள். அது மூலப்படத்துக்கு ஈடாகாது என்றாலும், எல்லாம் தொலைந்துபோன நாளில் வைத்தியருக்குக் காட்ட ஏதாவது இருக்கும். பையின் வெளியே நோயாளரின் பெயரையும் கிளினிக் இலக்கத்தையும் அழியாத மையால் எழுதி, ஐப்பசி பிறக்கும் முன் அதைக் காணி உறுதி இருக்கும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.